911: பில்லில் பெயர் இருந்தால் போதுமா?

அமெரிக்காவில் ஆபத்து என்றால் 911. ஆங்கிலப் படம் பார்க்கும் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் காமர்ஸ் படிக்கிறவனுக்கு வேறு கேள்விதான் முதலில் வருகிறது. அந்த ஃபோனை எடுப்பவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? தேடிப் படித்தபோது, எண்ணின் கதையை விட அதன் காசின் கதை சுவாரசியமாக இருந்தது.

முதலில் எண்ணின் கதை, சுருக்கமாக. லண்டனில் 999 சேவை 1937-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் அதற்குப் பிறகும் முப்பது வருடம் போலீஸுக்கு ஒரு எண், தீயணைப்புக்கு ஒரு எண், ஊருக்கு ஊர் வேறு எண் என்றுதான் இருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே எண் வேண்டும் என்று 1967-ல் ஜனாதிபதி அமைத்த ஒரு கமிஷன் பரிந்துரைத்தது. 1968 ஜனவரியில் ஏடி அண்ட் டி நிறுவனம் 911 என்ற எண்ணை அறிவித்தது. ஆனால் முந்திக்கொண்டது அலபாமா டெலிஃபோன் கம்பெனி என்ற சின்ன நிறுவனம். 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிறு ஊரில் முதல் 911 அழைப்பு ஒலித்தது.

எண் வந்துவிட்டது. காசு? 1973-ல் வெள்ளை மாளிகையின் தொலைத்தொடர்பு அலுவலகம் ஒரு அறிக்கை விட்டது. 911 நல்ல திட்டம், எல்லா ஊரிலும் வரட்டும், ஆனால் நடத்துவது உள்ளூர் அரசுகளின் பொறுப்பு என்பது அதன் சாரம். அதாவது வாழ்த்து வந்தது, பணம் வரவில்லை. எனவே மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டு, டெலிஃபோன் பில்லில் மாதாமாதம் ஒரு சிறு கட்டணம் சேர்க்க ஆரம்பித்தன. நம் ஊரில் கல்விக்கென்று செஸ் போடுவது போலத்தான்.

செஸ் என்றாலே ஒரு கேள்வி உண்டு. வசூலிக்கும்போது ஒரு பெயர் சொல்கிறார்கள், செலவு செய்யும்போதும் அதே பெயர் இருக்கிறதா?

நியூயார்க் மாநிலத்தைப் பாருங்கள். செல்ஃபோன்களுக்கு 1991-ல் மாதம் 70 சென்ட் 911 கட்டணம் போட்டார்கள். 2002-ல் அது 1.20 டாலர் ஆனது. வீட்டு ஃபோன் என்றால் விலாசம் தெரியும், செல்ஃபோனில் அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கத் தனிக் கருவிகள் வேண்டும். ஆனால் வசூலில் பெரும்பகுதி மாநிலத்தின் பொதுக் கஜானாவிலும் வேறு செலவுகளிலும் கலந்தது.

2003 ஜனவரியில் நான்கு இளைஞர்கள் நியூயார்க் நகரத்தின் சிட்டி ஐலண்ட் அருகே இரவில் ஒரு சின்னப் படகில் போனார்கள். படகில் தண்ணீர் ஏறியது. ஒருவர் செல்ஃபோனில் 911-ஐ அழைத்தார். சில நொடிகளில் தொடர்பு அறுந்தது. எங்கிருந்து அழைத்தார் என்று காட்டும் வசதி அந்த மையத்தில் இல்லை. தேடுதல் தொடங்கவில்லை. நால்வரும் இறந்துபோனார்கள். கருவி இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அழைப்பை மேலே அனுப்பாமல் விட்ட மனிதத் தவறும் அதில் உண்டு. ஆனால் அந்த மாநிலத்து மக்கள் 12 வருடமாக அந்தப் பெயரில் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை.

மற்ற மாநிலங்களில் வேறு வேறு வழிகள். நியூஜெர்சி 2004-லிருந்து மாதம் 90 சென்ட் வாங்கியது. அதற்கான கணக்கின் பெயரிலேயே 911 இருந்தது. ஆனால் சட்டத்தை விரிவாக எழுதி வைத்துக்கொண்டு, பெரும்பகுதியை மாநிலப் போலீஸ் முதலான செலவுகளுக்குக் கொடுத்தார்கள். டெக்ஸாஸ் வழி இன்னும் நுட்பமானது. பணத்தை வேறு எதற்கும் செலவழிக்கவில்லை, செலவழிக்காமலே விட்டார்கள்! கணக்கில் தேங்கி நின்ற தொகை, மாநில பட்ஜெட்டைச் சமன் செய்து காட்ட உதவியது.

இதில் கவனிக்க வேண்டியது, இவை திருட்டு அல்ல. மாநிலச் சட்டசபை முறைப்படி நிறைவேற்றியவை. அதனால்தான் தணிக்கை மட்டும் போதவில்லை. தணிக்கையாளர் சட்டப்படி செலவானதா என்றுதான் பார்ப்பார். அந்தச் சட்டமே வளைந்திருந்தால் அவர் என்ன செய்வார்?

மத்திய அரசு மெதுவாக உள்ளே வந்தது. கட்டணத்தைத் திசைதிருப்பும் மாநிலங்களுக்கு 911 மானியம் கிடையாது என்று 2004-ல் ஒரு சட்டம். எந்த மாநிலம் எவ்வளவு வசூலித்து எதற்குச் செலவிட்டது என்று தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்று 2008-ல் இன்னொன்று. முதல் அறிக்கை 2009-ல் வந்தது. பெயர் சொல்லி வெட்கப்பட வைப்பதில் ஓரளவு பலன் இருந்தது. ஆனால் பிடிவாதக்காரர்களும் இருந்தார்கள். நியூயார்க் 2009-ல் கட்டணத்தின் பெயரையே 'பொதுப் பாதுகாப்புத் தொடர்புக் கட்டணம்' என்று மாற்றிக்கொண்டது. ரோட் ஐலண்ட் 2019-ல் பழைய கட்டணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் 911 பெயரை வைத்தது. அந்த 2019-ம் ஆண்டில் மட்டும் ஐந்து மாநிலங்கள் 20 கோடி டாலருக்கு மேல் வேறு செலவுக்குத் திருப்பியதாக எஃப்.சி.சி. சொன்னது. எது 911 செலவு, எது இல்லை என்று வரையறுக்கும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது 2020 டிசம்பரில் வந்த சட்டத்தில்தான். 2021-ல் விதிகளும் வந்தன.

முதல் அழைப்பு ஒலித்த அலபாமா என்ன செய்தது? அங்கே வெகுகாலம் ஒவ்வொரு வட்டாரமும் தன் இஷ்டத்துக்குக் கட்டணம் வைத்திருந்தது. 2012-ல் ஒரு சட்டம் போட்டு, மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டணம், அதை வாங்கிப் பிரித்துக் கொடுக்க ஒரு தனி வாரியம் என்று ஏற்படுத்தினார்கள். வசூலிப்பதும் பங்கிடுவதும் கண்ணுக்குத் தெரிகிற ஒரே இடத்தில் வந்தன.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு வரிக்கு நல்ல பெயர் வைத்தால் யாரும் முணுமுணுக்காமல் கட்டிவிடுகிறோம். அதே பெயரை நம்பிக் கணக்குக் கேட்பதையும் விட்டுவிடுகிறோம். பில்லில் இருக்கும் பெயர் பணத்தைக் காப்பாற்றாது. எதற்குச் செலவிடலாம் என்று குறுக்கி எழுதிய சட்டமும், அதைக் கட்டணம் வாங்குகிறவர் அல்லாத வேறொருவர் படித்துப் பார்ப்பதும்தான் காப்பாற்றும். அடுத்த முறை உங்கள் பில்லில் ஏதாவது செஸ் கண்ணில் பட்டால் தொகையோடு நிறுத்தாதீர்கள். அது எந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது என்றும் கேளுங்கள்.