சுவருக்கும் திருகாணிக்கும் நடுவில்

ஹார்டுவேர் கடையில் போய் ‘ரால் பிளக் ஒரு பாக்கெட் குடுங்கண்ணே’ என்று கேட்டால் கடைக்காரர் அளவை மட்டும்தான் கேட்பார்: ஆறா, எட்டா? ‘ரால்’ என்றால் என்ன என்று அவரும் யோசித்திருக்க மாட்டார், வாங்குகிறவரும் யோசித்திருக்க மாட்டார். பில்லில் அது ‘ரோல் பிளக்’ ஆகிவிடும். ‘ராயல் பிளக்’ என்று எழுதிய பில்லும் என்னிடம் ஒன்று இருக்கிறது. விரல் கணு அளவுள்ள பிளாஸ்டிக் குழாய். நுனி பிளந்திருக்கும், உடம்பெல்லாம் பல். சுவரில் துளை போட்டு இதைச் செருகி, இதற்குள் திருகாணியை முடுக்கினால் கடிகாரம் நிற்கும், கண்ணாடி நிற்கும், திரைச்சீலைக் கம்பி நிற்கும். அந்த ‘ரால்’, லண்டனில் ஒப்பந்த வேலைகள் செய்துவந்த ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவருடைய பெயரின் பாதி.

வீட்டு வேலையை வீட்டுக்காரரே செய்துகொள்ளும் ‘டிஐஒய்’ பழக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டிரில்லிங் மெஷினில் தொடங்குவார்கள். அதில் சத்தம் இருக்கிறது, ஒரு வீரதீரம் இருக்கிறது. ஆனால் கையில் இருந்த வித்தை பொருளுக்குள் இடம் மாறிய தருணம் இந்தப் பிளக்கில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மரத்துக்குள் திருகாணி போவது சுலபம். அதன் புரி மரத்தின் நாரை விலக்கிக்கொண்டு போகும், நார் திரும்ப வந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். செங்கல்லுக்கு அந்தக் குணம் கிடையாது. விலகத் தெரியாது, நொறுங்கத்தான் தெரியும். எனவே உலகெங்கும் கொத்தனார்கள் ஒரே தந்திரத்தைத்தான் கையாண்டார்கள். உளியால் சுவரில் ஒரு சதுரக் குழி. அதில் மரக்கட்டையைச் சீவி இறுக அடிப்பது. திருகாணி அந்தக் கட்டைக்குள் போகும். நம்ம ஊரிலும், ஒயரைச் சுவருக்குள் புதைக்கும் வழக்கம் வருவதற்கு முன், தேக்கு ரீப்பர் மேல் ஒயர் ஓடிய காலத்தில், ஒவ்வொரு ரீப்பருக்கும் பின்னால் வரிசையாக இப்படிக் கட்டைகள் இருந்தன. பழைய வீட்டை இடிக்கும்போது பார்த்திருப்பீர்கள். அதில் சிக்கல் என்னவென்றால் மரம் காயக் காயச் சுருங்கும், கட்டை ஆடத் தொடங்கும். அதோடு, சின்னத் திருகாணி ஒன்றுக்காகத் தீப்பெட்டி அளவுக்குச் சுவரைக் கொத்த வேண்டும். பிறகு பூச வேண்டும். பூசிய இடம் எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் தனியாகத் தெரியும்.

1910 வாக்கில் ராலிங்ஸுக்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு வேலை வந்தது. மின்சாதனங்களைச் சுவரில் பொருத்த வேண்டும், சுவருக்குச் சேதம் தெரியக் கூடாது. அங்கே போய் உளியை எடுக்க முடியுமா? அவர் செய்தது, சணல் நாரைச் சின்னக் குழாயாகச் சுற்றி, விலங்கு ரத்தத்தில் தோய்த்து விறைப்பாக்கியது. ரத்தம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், அன்றைக்கு அது சாதாரணப் பசை. திருகாணி உள்ளே போகப் போக நார்க்குழாய் விரிந்து துளையின் சுவரை எல்லாப் பக்கமும் நெருக்கும். அந்த நெருக்கத்தால் வரும் உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது. துளையின் அகலம் சுண்டுவிரலைவிடக் குறைவு. 1911-இல் காப்புரிமை, 1919-இல் ‘ரால்பிளக்’ என்ற பெயரிலேயே நிறுவனம். அக்காலத்தில் உலகச் சந்தைக்கு வந்த சணலில் பெரும்பகுதி வங்காளத்தில் விளைந்தது என்பதையும் இங்கே போகிற போக்கில் சொல்லிவைக்கலாம்.

நான் பிழைப்புக்கு எழுதும் மென்பொருளில் அடாப்டர் என்று ஒன்று உண்டு. ஒன்றோடொன்று பேசத் தெரியாத இரண்டு நிரல்களுக்கு நடுவே உட்கார்ந்து, இரண்டையும் மாற்றாமல் பேசவைப்பது. ராலிங்ஸ் சுவரையும் மாற்றவில்லை, திருகாணியையும் மாற்றவில்லை. நடுவில் ஒன்றை வைத்தார். ஆனால் அதனால் நடந்தது வேறு. குழியைச் சதுரமாக வெட்டுவதும், கட்டையைத் துளையைவிட ஒரு மயிரிழை பெரிதாகச் சீவுவதும், எந்த அடியோடு நிறுத்த வேண்டும் என்று சத்தத்திலேயே கண்டுகொள்வதும் வருடக்கணக்கில் கை கற்ற விஷயங்கள். பிளக்குக்கு அது எதுவும் தேவையில்லை. சரியான அளவில் துளை போட்டால் போதும். மீதியை அந்தப் பொருள் பார்த்துக்கொள்ளும்.

துளை போடும் யந்திரத்தின் கதை வேறு திசையில் நடந்தது. 1895-இல் ஸ்டுட்கார்ட்டின் ஃபைன் நிறுவனம் கையில் தூக்கக்கூடிய மின்சார டிரில்லைச் செய்தது. தூக்கக்கூடியது என்பது மரியாதைக்குச் சொல்வது, ஏழரைக் கிலோ. நம்ம ஆசாரிகள் வில்லும் கயிறும் வைத்து இழுத்த துரப்பணம் அதைவிடக் கைக்கு அடக்கமானது. அமெரிக்காவின் பால்டிமோரில் டங்கன் பிளாக், அலான்சோ டெக்கர் என்று இரண்டு நண்பர்கள் 1910-இல் ஒரு சிறு பட்டறை போட்டார்கள். பிளாக் தன் பங்குக்குக் காரை விற்று 600 டாலர் கொண்டுவந்தார். இருவரும் கோல்ட் கைத்துப்பாக்கியைப் பார்த்து, அதே பிடி, அதே விசை வைத்து ஒரு டிரில்லை வடிவமைத்தார்கள். 1917-இல் காப்புரிமை கிடைத்தது. இன்று உங்கள் வீட்டிலிருக்கும் டிரில் ஏன் துப்பாக்கி மாதிரி இருக்கிறது என்றால் இதுதான் காரணம்.

அது தொழிற்சாலைக்கான கருவியாகத்தான் முப்பது வருடம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைகளில் டிரில்கள் அடிக்கடி காணாமல் போயின என்றும், தொழிலாளர்கள் வீட்டு வேலைக்கு எடுத்துப் போகிறார்கள் என்று கண்டுபிடித்த நிறுவனம் அதில் ஒரு சந்தையைப் பார்த்தது என்றும் கதை சொல்வார்கள். திருட்டைப் பார்த்துச் சந்தை ஆய்வு செய்தவர்கள் வேறு யாராவது உண்டா தெரியாது, எனக்கு மிகப் பிடித்த கதை இது. 1946-இல் வீட்டுக்கென்றே விலை குறைந்த கால் அங்குல டிரில் வந்தது. ஐந்து வருடத்தில் உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்டது.

ஆனால் டிரில் மட்டும் போதுமா? துளை போட ஒரு சுவர் வேண்டும், அது உங்களுடையதாக இருக்க வேண்டும். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வீட்டுக்கடன் எளிதாகக் கிடைத்தது. நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் வில்லியம் லெவிட் 1947-இலிருந்து நான்கைந்து வருடத்தில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார். கார் தொழிற்சாலை மாதிரி, ஒரே அச்சு. பல வீடுகளில் மாடியறை முடிக்கப்படாமலே விற்கப்பட்டது. முடித்துக்கொள்வது வாங்குகிறவர் பாடு. சொந்தமாக வீடும் மனையும் உள்ளவன் கம்யூனிஸ்ட் ஆக முடியாது, அவனுக்குத்தான் ஏகப்பட்ட வேலை கிடக்கிறதே என்ற பொருளில் லெவிட் சொன்னது பிரபலம். அந்த வீடுகளை வெள்ளையர் அல்லாதவர்களுக்கு அவர் விற்கவில்லை. குடியிருக்கவே விடக் கூடாது என்று ஆரம்ப ஒப்பந்தங்களில் எழுத்திலேயே இருந்தது. 1954 ஆகஸ்டில் டைம் இதழ் ‘டூ இட் யுவர்செல்ஃப்’ அலையை அட்டைப்படமாகப் போட்டு, நூறு கோடி டாலர் புரளும் பொழுதுபோக்கு என்றது. அந்தப் பொழுதுபோக்கில் கலந்துகொள்ள முதலில் ஒரு வீடு வாங்க அனுமதி வேண்டியிருந்தது.

அமெரிக்க வீட்டுச் சுவர் பெரும்பாலும் மரச்சட்டமும் அட்டையும். செங்கல் சுவரோடு மல்லுக்கட்டியவர்கள் ஐரோப்பியர்கள். போரில் நொறுங்கிய நகரங்களைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த ஜெர்மனியில், டும்லிங்கன் என்ற சிற்றூரில் பிறந்து பூட்டுத் தொழில் கற்ற ஆர்தர் ஃபிஷர் 1958-இல் நைலான் பிளக்கைக் கொண்டுவந்தார். ராலிங்ஸின் சணலைவிட இது ஈரத்தைத் தாங்கும், மக்காது. நுனியில் பிளவு, பக்கத்தில் பல், திருகாணியோடு சேர்ந்து தானும் சுற்றாமலிருக்க இரண்டு சிறகுகள். நாம் இன்று வாங்குவது இதன் பேரப்பிள்ளைகளைத்தான். ஃபிஷர் அதற்கு முன்பே, பிறந்த மகளைப் படமெடுக்க வந்த சிக்கலைத் தீர்க்கப்போய், கேமராவோடு சேர்ந்து இயங்கும் ஃபிளாஷைக் கண்டுபிடித்தவர். ஆயிரத்துக்கு மேல் காப்புரிமைகள். 2016-இல் 96 வயதில் இறந்தார். பெயர் ராலிங்ஸுடையது, உருவம் ஃபிஷருடையது. நம் கடைகளில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இங்கே நம் கதை தலைகீழாக ஓடுகிறது.

சிவகங்கைப் பக்கம் என் அப்பத்தாவின் வீடு மண்சுவர், பனையோலைக் கூரை. அந்தச் சுவரில் யாரும் துளை போட்டதில்லை, தேவையும் இல்லை. சுவர் எழுப்பும்போதே ஈரம் காய்வதற்குள் முளைக்குச்சிகளைச் செருகியிருந்தார்கள். விளக்குக்கு மாடம் சுவரிலேயே குடைந்திருந்தது. தயிர்ச்சட்டி விட்டத்திலிருந்து உறியில் தொங்கியது. மழைக்குப் பிறகு சுவர் வெடித்தால் கண்மாய் மண்ணும் வைக்கோலும் குழைத்து அப்பத்தாவே அப்பிவிடும். தரை மெழுகச் சாணி. பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு, பனைமட்டை நுனியை நசுக்கிச் செய்த பிரஷ். கூரை மாற்ற மட்டும் பங்காளிகள் வருவார்கள், அவர்கள் வீட்டுக்கு இவர்கள் போவார்கள். ஆக, தன் வீட்டைத் தானே பழுதுபார்த்துக்கொள்வது என்ற கணக்கில் 1954-இன் லாங் ஐலண்ட்காரரைவிட அப்பத்தா எவ்வளவோ முன்னால் இருந்தது. அதை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்லவில்லை. வேலை என்றுகூடச் சொன்னதில்லை. பொம்பளை ஆள் செய்வதுதானே.

பிறகு வீடு சிமெண்ட் ஆனது. 2010-இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கப் புறப்பட்டது. அதற்கும் முன்பே வளைகுடாப் பணத்திலும் நகரச் சம்பளத்திலும் ஊர்கள் மச்சு வீடாகிக்கொண்டிருந்தன. கூரை வீட்டுக்குத் திரும்பலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஐப்பசி மழையில் அதற்குள் படுத்த யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சிமெண்ட் தரையில் விழுந்த முதல் கீறலை அப்பத்தா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்ததும், ‘ஆளக் கூப்புடணும்’ என்றதும் நினைவில் இருக்கிறது. அதுவரை அந்த வீட்டில் அந்த வாக்கியம் தேவைப்பட்டதே இல்லை.

அமெரிக்காவில் ஆள் கூலி ஏறியதால் வீட்டுக்காரர் டிரில்லைத் தூக்கினார். இங்கே ஆள் சல்லிசாகக் கிடைத்தார். அதைவிட முக்கியமானது, உளி பிடிப்பதும் கரணை பிடிப்பதும் பிறப்பால் சிலருக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. பேனா பிடித்த வீட்டில் சுத்தியலைத் தொடுவது கௌரவக் குறைச்சல். நான் படித்த இன்ஜினியரிங் கல்லூரியில் முதல் வருடப் பட்டறை வகுப்பில் மரத்தை இழைத்துக் காட்ட வேண்டும். பாதிப் பேருக்கு அட்டெண்டரே இழைத்துக் கொடுத்துவிடுவார். அதனால் ரால் பிளக் நம்ம ஊருக்கு வந்தபோது வீட்டுக்காரரின் கைக்குப் போகவில்லை, எலக்ட்ரீஷியனின் பைக்குள் போனது. வித்தையைப் பொருளுக்குள் மாற்றிவிட்ட அந்தக் கண்டுபிடிப்பு, இங்கே எலக்ட்ரீஷியனுக்குக் கட்டை சீவும் நேரத்தை மிச்சப்படுத்தியதோடு சரி.

இப்போது நிலைமை கொஞ்சம் அசைகிறது. ஆன்லைனில் டிரில், பிட், பிளக் எல்லாம் ஒரே பெட்டியில் வருகிறது. 2020 ஊரடங்கில் ஆள் வர முடியாமல் போனபோது எங்கள் டீமிலேயே நான்கு பேர் வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, புது அடுக்ககங்களில் பல, செங்கல்லே இல்லாத முழுக் கான்கிரீட் சுவர். சுற்றுவதோடு கூடவே சின்னச் சின்னதாகக் குத்தும் சாதாரண டிரில் அதில் அரை அங்குலம் போய் அலறி நிற்கும். உள்ளே காற்றழுத்தத்தால் அடிக்கும் சுத்தியல் உள்ள யந்திரம் வேண்டும். போஷ் 1932-இல் கொண்டுவந்த வகை அது. இன்னும் சில கட்டடங்களில் நேரெதிராக, உள்ளெல்லாம் காற்று நிறைந்த இலேசான கல். அதில் துளை வெண்ணெய் மாதிரி விழும், ஆனால் சாதாரணப் பிளக் பிடிமானமில்லாமல் சுற்றும். சுவர் எது என்று தெரிந்துகொண்டுதான் தொடங்க வேண்டும். வீட்டை விற்ற கம்பெனி தந்த வழுவழு புத்தகத்தில் நீச்சல்குளத்தின் படம் இருக்கும், சுவர் எதனால் ஆனது என்பது இருக்காது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையே எழாது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் ‘சுவரில் ஆணி அடிக்கக் கூடாது’ என்று ஒரு வரி இருக்கும், இல்லாவிட்டால் சாவி தரும்போது வாயால் சொல்வார்கள். நான் முன்பு இருந்த ஒரு வீட்டில், காலி செய்யும் அன்று வீட்டுக்காரர் சுவரோரமாக நடந்து துளைகளை எண்ணி அட்வான்ஸில் கழித்தார். இதற்கென்றே ஒட்டும் கொக்கிகள் வந்துவிட்டன. பட்டையை மெல்ல இழுத்தால் தடயமில்லாமல் கழன்றுவரும். ஏப்ரல் வெக்கையில் இழுக்காமலும் வரும்.

ஆனால் பிளக்கைப் பிடுங்குவது லேசில்லை. விரிந்து பிடிப்பதற்கென்றே செய்த பொருள். பிடுங்கினால் சுவரின் பூச்சும் கூடவே வருமென்று காலி செய்கிறவர்கள் திருகாணியை மட்டும் கழற்றிக்கொண்டு பிளக்கை விட்டுவிடுவார்கள். மேலே பெயிண்ட் அடித்திருப்பார்கள். டார்ச்சைச் சுவரோடு சாய்த்து அடித்தால் வட்டமாக, லேசான குழியாகத் தெரியும். இப்போதிருக்கும் வீட்டில் அப்படி ஒன்பது கண்டுபிடித்தேன். பெயிண்டைக் கீறி அதே பிளக்கில் திருகாணியை முடுக்கினால் அப்படியே பிடிக்கிறது. கடிகாரம், காலண்டர், கண்ணாடி எல்லாம் எனக்கு முன்பு இருந்தவர்கள் மாட்டிய இடத்திலேயே மாட்டியிருக்கிறேன். கண்ணாடி மட்டும் நான்கு விரற்கடை தாழ்வாக இருக்கிறது. அவர்கள் என்னைவிடக் குள்ளம் போல.