எபிசோட் 37: ஃபெயில் ஆனது குழந்தையா, தேர்வா?

இன்னைக்கு ஒரு தேர்வோட வரலாற்றைப் பார்க்கப் போறோம்.

கலிஃபோர்னியாவில் மான்டரே கவுன்ட்டின்னு ஒரு விவசாயப் பகுதி. அங்கே 8 முதல் 13 வயது வரையிலான 9 மெக்சிகன் அமெரிக்கக் குழந்தைகளை, மனவளர்ச்சி குன்றியவர்கள்னு பள்ளிக்கூடம் தனி வகுப்பில் உட்கார வச்சிருந்தது. ஆதாரம், ஆங்கிலத்தில் நடந்த ஐ.க்யூ. தேர்வு. பிறகு அந்தக் குழந்தைகளை ஸ்பானிஷ்லயும் பதில் சொல்ல விட்டு மறுபடி சோதிச்சாங்க. மதிப்பெண் சராசரியா 15 புள்ளி ஏறிடுச்சு. பெரும்பாலானவங்க அந்த வகுப்புக்கான எல்லைக்கோட்டைத் தாண்டிட்டாங்க. குழந்தைகள் மாறல, மொழிதான் மாறுச்சு. 1970-ல் இது வழக்காச்சு. ‘டயானா எதிர் மாநிலக் கல்வி வாரியம்’னு பேரு.

இதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசுறவங்க எல்லாருமே எங்கிருந்தோ வந்து குடியேறினவங்கன்னு நாம நினைச்சுக்கிறோம். அது பாதி உண்மைதான். 1848-ல் மெக்சிகோவுடனான போர் முடிஞ்சு, குவாடலூப் இடால்கோ ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோ எல்லாம் அமெரிக்கா கைக்குப் போச்சு. அங்கே தலைமுறை தலைமுறையா இருந்த குடும்பங்கள் ஓர் அடிகூட நகரல. எல்லைக்கோடு அவங்களைத் தாண்டிப் போயிடுச்சு, அவ்வளவுதான். 1910-ல் மெக்சிகோவில் புரட்சி வெடிச்ச பிறகு, அடுத்த இருபது வருஷத்தில் லட்சக்கணக்கானவங்க வடக்கே வந்தாங்க. பழையவங்க, புதியவங்க ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் ஒரே நிபந்தனை வச்சது: நீதான் எங்களுக்கு ஏத்த மாதிரி மாறணும்.

அதே காலத்தில்தான் அறிவை அளக்கும் தேர்வு பிறந்தது. 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே உருவாக்கினார். படிப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டுபிடிக்கணும், அதுதான் நோக்கம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயிஸ் டெர்மன் அதை அமெரிக்காவுக்கு ஏற்ப மாற்றி, 1916-ல் ஸ்டான்ஃபோர்ட்-பினே தேர்வா வெளியிட்டார். ‘சராசரிக் குழந்தை’ யாருன்னு முடிவு பண்ண அவர் எடுத்துக்கிட்டது, அமெரிக்காவில் பிறந்த சுமார் 1000 பிள்ளைகளை. கிட்டத்தட்ட எல்லாருமே கலிஃபோர்னியாவின் நடுத்தர வர்க்க வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள்.

நான் சாஃப்ட்வேர் ஆளு. ஒரு மாடலை எந்த டேட்டாவை வச்சுப் பழக்குறோமோ, அதுக்கு வெளியே இருக்கிறவங்ககிட்ட அது தப்பா வேலை செய்யும்கிறது எங்க தொழிலோட பாலபாடம். அப்படி நடந்தா முதல்ல மாடலைத்தான் சந்தேகப்படணும். டெர்மன் குழந்தைகளைச் சந்தேகப்பட்டார். மெக்சிகன் குடும்பங்கள், பூர்வகுடிகள், கறுப்பினத்தவர் மத்தியில் குறைந்த அறிவுத்திறன் சகஜம், அது பரம்பரையா வருது, அந்தப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் வைக்கணும்னு அதே வருஷம் வந்த தன்னோட புத்தகத்தில் எழுதினார்.

இதை உள்ளே இருந்தே எதிர்த்தவர்தான் நம்ம கதையோட நாயகன், ஜார்ஜ் சான்செஸ். 1906-ல் நியூ மெக்சிகோவில் பிறந்தவர். 16 வயசுலயே கிராமப் பள்ளியில் வாத்தியார் வேலை. ஸ்பானிஷ் பேசுற பிள்ளைகள் வகுப்பில் எப்படி இருக்காங்க, தேர்வுத்தாளில் எப்படித் தெரியறாங்கன்னு ரெண்டையும் கண்ணால பார்த்தவர். 1931-ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு முடிச்சார். அதே பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பத் தேர்வு வச்சு, மதிப்பெண் எப்படி நகருதுன்னு பார்க்கிறதுதான் ஆய்வு. மொழிப் பயிற்சி கூடக் கூட மதிப்பெண்ணும் ஏறிக்கிட்டே போச்சு. பிறவியில் வந்து, மாறாம இருக்கும்னு சொல்லப்பட்ட அறிவு, இங்கிலீஷ் பாடம் எடுத்ததும் எப்படி வளர்ந்துச்சு?

1934-ல் ‘ஜர்னல் ஆஃப் அப்ளைடு சைக்காலஜி’ இதழில் இருமொழிக் குழந்தைகளை அளப்பது பற்றி ஓர் எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார். சாரம் இதுதான்: தேர்வில் வரும் விஷயங்கள், சராசரியை நிர்ணயிச்ச குழந்தைகளுக்கு எவ்வளவு பழக்கமோ, அவ்வளவு பழக்கம் இந்தக் குழந்தைக்கும் இருக்கணும். இல்லைன்னா அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. கேட்காத சொல்லுக்குப் பொருள் தெரியலைன்னா அது அறிவுக்குறை இல்லை. பள்ளிக்கூடம் சொல்லித்தராததைப் பிள்ளை தலையில் கட்டுறோம்னு அர்த்தம்.

இவ்வளவு தெளிவா 1934-லயே சொல்லியாச்சு. அப்புறம் ஏன் 1970 வரைக்கும் 36 வருஷம் ஆச்சு?

ஏன்னா தப்பான அளவுகோல் தன்னைத்தானே உண்மையாக்கிக்கும். மதிப்பெண் குறைவுன்னு தனி வகுப்பில் போடுறீங்க. அங்கே பாடத்தைக் குறைச்சு, கைத்தொழில் மட்டும் சொல்லித் தர்றீங்க. குழந்தை பின்தங்குது. அடுத்த தேர்விலும் மதிப்பெண் குறையுது. ‘பாத்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோம்ல’ன்னு கோப்பை மூடிடலாம். வயலுக்கு மலிவான கூலியாள் தேவைப்பட்ட ஊர்களில் இதைக் கேள்வி கேட்க யாருக்கும் அவசரம் இல்லை.

மனசுக்குள்ள நடந்தது இன்னும் கொடுமை. டெக்சஸ் மாதிரி இடங்களில் பள்ளி வளாகத்தில் ஸ்பானிஷ் பேசினாலே தண்டனை. வீட்டில் அம்மா பேசுற மொழி, வாசலைத் தாண்டினா குற்றம். அப்படி ஒரு பிள்ளை மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, முன்பின் தெரியாத பெரியவர் கேட்கிற ஆங்கிலக் கேள்விக்கு வாய் திறக்கலைன்னா, அதுக்குப் பேரு பயம். தேர்வுத்தாளில் பயத்துக்குன்னு தனிக் கட்டம் கிடையாது. பூஜ்யம்தான் விழும்.

1962-ல் கனடாவின் மான்ட்ரியலில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. ஒரே பொருளாதார நிலையில் உள்ள குழந்தைகளை ஒப்பிட்டப்போ, பிரெஞ்சு, ஆங்கிலம் ரெண்டும் நல்லாத் தெரிஞ்சவங்க ஒருமொழிக் குழந்தைகளை மிஞ்சினாங்க. ரெண்டு மொழி மூளைக்குச் சுமைங்கிற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது.

மறுபடி மான்டரேவுக்கு வருவோம். வழக்குக்கு வந்த கணக்குப்படி, அங்கே ஸ்பானிஷ் பெயர் கொண்ட மாணவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனா அந்தத் தனி வகுப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வழக்கு சமரசத்தில் முடிஞ்சது. இனிமே தாய்மொழியிலும் தேர்வு நடத்தணும், ஏற்கெனவே தனி வகுப்பில் இருக்கிறவங்களை மறுபடி சோதிக்கணும், மெக்சிகன் அமெரிக்கக் குழந்தைகளை வச்சே சராசரியை உருவாக்கணும்னு மாநிலம் ஒத்துக்கிச்சு. கடைசி நிபந்தனையைக் கவனிங்க. சான்செஸ் 1934-ல் சொன்ன அதே விஷயம். அவர் 1972-ல் இறந்துட்டார். குழந்தையின் தாய்மொழியில் சோதிக்கணும்கிறது 1975-ல் வந்த மத்தியச் சட்டத்தில் நாடு முழுக்க விதியாச்சு.

ஒரு சமூகம் பண்பாட்டுக்கு ஏத்த மாதிரி மாறுதான்னு ஆராய்ச்சி பண்றவங்க, பெரும்பாலும் வந்தவங்க எவ்வளவு மாறினாங்கன்னுதான் அளக்கிறாங்க. பள்ளிக்கூடம் எவ்வளவு மாறுச்சுன்னும் அளக்கணும்ங்கிறதுதான் இந்த வரலாறு எனக்குச் சொல்ற விஷயம். இந்தக் கதையில் குழந்தைகள் ரெண்டு மொழிக்கு நடுவுல தினமும் நடந்துக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஓர் அடி எடுத்து வைக்க 36 வருஷமும் ஒரு வழக்கும் தேவைப்பட்டது.

உங்க கருத்தை எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.