பரண் மேல கிடைச்ச மடல் பெட்டி

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே. போன வாரம் பரணை ஒழிக்கறப்போ ஒரு சிடி கிடைச்சது. மேல என் கையெழுத்துல 'யூடோரா - 2001'. கோலாலம்பூர்ல இருந்த சித்தப்பா எனக்கு எழுதின மடல்கள். அவர் இப்போ இல்லை. அதனால சிடியைச் சுழலவிடறதுக்குள்ள கை கொஞ்சம் நடுங்கத்தான் செஞ்சது.

இந்த ஜிமெயில் காலத்துப் பிள்ளைகளுக்கு யூடோரான்னா என்னன்னு சொல்லிடறேன். 1988-ல அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகத்துல ஸ்டீவ் டார்னர்ங்கிறவர் எழுதின மடல் நிரல். தபாலாபீசிலேயே குடியிருக்கற ஒரு பெண்ணைப் பத்திக் கதை எழுதின யூடோரா வெல்டிங்கிற எழுத்தாளர் பேரைத்தான் அதுக்கு வெச்சார். பிற்பாடு குவால்காம் கம்பெனி கைக்குப் போச்சு.

இந்தியாவுல பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. காஞ்சிபுரத்துல எங்க வீட்டுக்கு மோடம் வந்தப்போ 2000 ஆயிடுச்சு. கீய்ய்னு கத்தி லைன் கிடைச்சதும் போன் மீட்டர் ஓட ஆரம்பிச்சிடும். அங்கதான் இந்த மேசைக்கணினி நிரல்களோட பலமே. ரெண்டு நிமிஷம் இணைப்பு, மடலெல்லாம் நம்ம வட்டுக்கு வந்துடும், உடனே கட் பண்ணிட்டு சாவகாசமா படிக்கலாம். பதிலையும் அப்படியே எழுதி வெச்சிட்டு, மறுநாள் இணைக்கறப்போ அனுப்பிக்கலாம். ஹாட்மெயில்ல 2 எம்பிதான் இடம். நம்ம வட்டுல இருக்கற வரைக்கும் இடம்.

சரி, தலைவலி? தமிழ்தான் :-)

சித்தப்பா மலேசியாவுல முத்து நெடுமாறன் உருவாக்கின முரசு அஞ்சல்ல எழுதுவார். குறியேற்றம் திஸ்கி. உலகம் பூரா இருந்த தமிழர்கள் மின்மடல்லயே பேசிப் பேசி 90கள் கடைசியில உருவாக்கினது. முதல் பாதி ஆங்கிலம், மறுபாதி தமிழ். ஆனா மடல் நிரலுக்கு இது தமிழ்னு யார் சொல்றது? ஐரோப்பிய எழுத்துன்னு நினைச்சுக்கிட்டு, கொம்பு முளைச்ச ஆங்கில எழுத்தா காட்டும். பிள்ளையார்பாளையத்துத் தறியில ஜக்கார்டு அட்டையை மாத்திக் கோத்தா என்ன ஆகும்? பட்டு நல்ல பட்டுதான், இழையும் சரிதான், ஆனா மயில் வர வேண்டிய இடத்துல கன்னாபின்னான்னு ஏதோ வரும். அதே கதைதான்.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ்ல வேற கூத்து. 'பயனர் வரையறுத்தது'ன்னு ஒரு இடத்தைத் தேடிப்பிடிச்சு, அதுக்குத் திஸ்கி எழுத்துருவை வெக்கணும். விண்டோஸ் 2000-ல லதா எழுத்துருவோட யூனிகோடு தமிழ் வந்த பிறகு, அனுப்பறப்போ ஒரு பெட்டி வந்து 'யூனிகோடா அனுப்பவா, அப்படியே அனுப்பவா'ன்னு கேட்கும். அவசரத்துல 'அப்படியே'ன்னு அமுக்கினீங்கன்னா போச்சு. எதிராளிக்கு வெறும் ???????? தான் போகும். கொம்பு முளைச்ச எழுத்தையாவது திருப்பித் தமிழாக்கலாம். கேள்விக்குறியை எந்தச் சாமியாலயும் மாத்த முடியாது. யூடோராவுக்கோ யூனிகோடு கடைசி வரைக்கும் சரியா பிடிபடவே இல்லை.

அப்புறம் 2004 ஏப்ரல்ல ஜிமெயில் 1 ஜிபியோட வந்துச்சு. யூடோராவோட கடைசிப் பதிப்பு 2006-ல. 2018-ல அதோட மூல நிரலைக் கலிபோர்னியாவுல இருக்கற கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. மியூசியத்துக்கே போயிடுச்சு! 2004 டிசம்பர்ல 1.0 பதிப்பு வெளியான தண்டர்பேர்டு மட்டும் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு.

இப்போ சிடிக்கு வர்றேன். யூடோரா மடல்களை எந்தப் பூட்டும் போடாம, வெறும் உரைக் கோப்பா ஒண்ணு கீழ ஒண்ணா அடுக்கி வெக்கும். அதனால அந்த நிரல் இல்லாமலே திறக்க முடிஞ்சது. மேற்கு ஐரோப்பிய எழுத்துன்னு பொய் சொல்லித் திறந்து, வந்த கொம்பு எழுத்தைத் திஸ்கி மாற்றியில ஒட்டினேன். தமிழ்!

"உங்க தாத்தா கோர்வை போடறப்போ கரை நாடாவைத் தள்ளிவிடறது நான்தான்டா. தூங்கி விழுந்தா தலையில ஒரு குட்டு" அப்படின்னு எழுதியிருக்கார். எங்க வீட்டுத் தறியைப் பத்தி வேற யாரும் ஒரு வரி எழுதி வெச்சதில்லை.

2002, 2003 மடல்கள்? அதைக் கேக்காதீங்க. காப்பி எடுக்காம கணினியை ஃபார்மட் பண்ணின மகானுபாவன் நானேதான். வேற யாரையும் குத்தம் சொல்ல முடியாது. நம்ம வட்டுல இருக்கறது நம்மளோடது. தொலைச்சாலும் நாமதான் தொலைக்கணும். பலமும் அதான், வம்பும் அதான்.

ஆகவே மக்களே, இன்னைக்கு மடலெல்லாம் யாரோ ஒருத்தரோட சர்வர்லதான் இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை ஒரு தண்டர்பேர்டை நிறுவி, அம்மா அப்பா எழுதினதையாவது ஒரு பிரதி இறக்கி வெச்சுக்கோங்க. அப்படியே இன்னொரு வட்டுலயும்.

பி.கு: யார்கிட்டயாவது பழைய திஸ்கி மடல் சிடி இருந்து திறக்க வரலைன்னா சொல்லுங்க. உட்கார்ந்து பார்த்துடலாம்.