முன்பணத்துக்கும் பத்திரத்துக்கும் நடுவே

1898-இல் பிளேக் நோய் பெங்களூர் பேட்டையைப் புரட்டிப்போட்டது. அந்த நெரிசலிலிருந்து மக்களை வெளியே கொண்டுவர பசவனகுடியும் மல்லேஸ்வரமும் மனை மனையாக எழுந்தன. 1945-இல் நகர மேம்பாட்டு வாரியம், 1976-இல் பெங்களூர் வளர்ச்சி ஆணையம் (பி.டி.ஏ.) என்று அரசே மனை பிரித்துக் கொடுத்த ஊர் இது. ஆனால் ஊர் வளர்ந்த வேகத்துக்கு அது போதவில்லை. விவசாய நிலத்தில் அனுமதியின்றி எழுந்த குடியிருப்புகளும் பெருகின.

இங்கே வீடு வாங்குபவரின், பத்திரப்பதிவு வரையான காத்திருப்பு கனமானது இதனால்தான். விலை பேசி, முன்பணம் கொடுத்து, கிரய ஒப்பந்தம் எழுதியதும் வீடு நமதாகிவிட்டதாக மனம் நம்பும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 54-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் தராது.

ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில் வில்லங்கச் சான்று எடுத்து, மூலப்பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். பதிவான ஆவணங்களை மட்டுமே சான்று காட்டும். பதிவாகாத பங்குத் தகராறு அதில் தெரியாது.

பெங்களூருக்கென்றே இன்னொன்று உண்டு: கத்தா. மாநகராட்சி சொத்து வரிக்காக வைத்திருக்கும் பதிவு அது. உரிமைப் பத்திரம் அல்ல. 2007-இல் சுற்றியிருந்த நகராட்சிகளும் கிராமங்களும் இணைந்து பெருநகர மாநகராட்சி உருவான பிறகு, முறைப்படுத்தப்படாத சொத்துகள் தனிப் பதிவேட்டில் ஏறின. மக்கள் வாயில் அது 'பி கத்தா'.

2024 அக்டோபரில் பத்திரப்பதிவுக்கு மின்னணு வடிவக் கத்தாவான இ-கத்தா கட்டாயமானது. பதிவு நாளைக் குறிப்பதற்கு முன்பே, விற்பவர் பெயரில் அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.