கடைசி இரண்டு மீற்றர்: பெரிய மாதிரி விமானங்களின் உட்கம்பி வரலாறு

வானொலியின் வரலாறு பெரும்பாலும் தூரத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கடல்களையும் கண்டங்களையும் கடந்த குறிகளே அதில் முதலிடம் பெறுவன. ஆயின், கம்பியின் துணையின்றி ஒரு மைல் தூரத்தை எளிதிற் கடந்து வந்த கட்டளை, தான் வந்து சேர்ந்த பொறியின் உள்ளே இரண்டு மீற்றர் கம்பியைக் கடக்க இயலாது தடுமாறியதும் உண்டு. வானொலியால் இயக்கப்படும் பெரிய மாதிரி விமானங்களில் நிகழ்ந்த இத்தடுமாற்றம், பொழுதுபோக்காளரின் பட்டறையோடு நின்றுவிட்டமையால் அறிஞர் கவனத்தைப் பெறவில்லை. இருபது கிலோகிராம் எடையுடன் மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் பறக்கும் ஒரு பொருள் கட்டளைக்குப் பணிய மறுத்தால் கீழே நிற்பவர் உயிருக்கே ஆபத்து என்பதை எண்ணுமிடத்து, இப்புறக்கணிப்பு நியாயமானதன்று.

1898ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் நிக்கொலா ரெஸ்லா வானொலியால் இயக்கப்படும் சிறு படகொன்றைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார். அமெரிக்கரான வால்ரர், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் 1937இல் உருவாக்கிய 'கஃப்' என்னும் மாதிரி விமானம் இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வான் விண்வெளி அருங்காட்சியகத்திற்கு உரியது. அக்கால மாதிரிகளிற் சுக்கானைத் திருப்பியது பெரும்பாலும் முறுக்கேற்றிய இறப்பர் நாடாவே. குறி வந்தடைந்ததும் சிறு மின்காந்தம் ஒரு பல்லை விடுவிக்கும். நாடா ஒரு படி சுழன்று நிற்கும். கம்பியின் வழியே சென்றது செய்தி மட்டுமே. விசை இறப்பரிடமிருந்து வந்தது. எனவே எந்த மெல்லிய கம்பியும் போதுமாயிருந்தது.

ஐம்பதுகளில், ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொன்றாக அதிரும் உலோக நாக்குகள் வாங்கியில் இடம்பெற்றன. சுக்கான்களைச் சிறு மின்மோட்டர்கள் அசைக்கலாயின. அறுபதுகளில் டக் ஸ்ப்ரெங், டொன் மாதிஸ் முதலியோரின் முயற்சியாற் துடிப்பு முறை வந்தது. கட்டளைத் துடிப்பின் நீளம் ஒன்று முதல் இரண்டு மில்லிசெக்கன் வரை மாறும். ஒன்றரை மில்லிசெக்கன் என்றால் சுக்கான் நடுவில் நிற்கும். ஏறத்தாழ இருபது மில்லிசெக்கனுக்கு ஒருமுறை இது மீண்டும் வரும். மோட்டரும் பற்சில்லுகளும் சிறு மின்சுற்றும் அடங்கிய சேர்வோ என்னும் பெட்டி அத்துடிப்பை அளந்து, அதற்கேற்ற கோணத்திற்குத் திரும்பும். நான்கைந்து கம்பிகள் வேண்டியிருந்த சேர்வோ, காலப்போக்கில் மூன்று கம்பிகளுடன் அமைந்தது: மின்கலத்தின் நேர்முனைக்கு ஒன்று, துடிப்பிற்கு ஒன்று, இரண்டிற்கும் பொதுவான மீள்கம்பி ஒன்று.

பெரிய விமானங்கள் இத்துறையில் மாதிரிகளுக்குப் பிந்தியவை என்பது சுவையான செய்தி. பொறிமுறைத் தொடுப்பு எதனையும் நம்பாது, எண்மக் கணினியின் கட்டளையைக் கம்பிவழி அனுப்பிப் பறந்த நாசா நிறுவனத்தின் எப்-8 விமானம் முதன்முதல் மேலெழுந்தது 1972 மே மாதத்திலேயாகும். அதற்கு முன்னரே பொழுதுபோக்காளர் துடிப்புகளைக் கம்பிவழி அனுப்பிக் கொண்டிருந்தனர். ஆனால் எப்-8ஐ உருவாக்கியோருக்கு ஆய்வுகூடங்கள் இருந்தன. இவர்களுக்கு இருந்தவை பற்றாசுக்கோலும் விழுந்து நொறுங்கிய விமானங்களும் மாத்திரமே.

எழுபதுகளின் இறுதியில் மாதிரிகள் பருத்தன. மரமறுக்கும் வாள்களிலும் புல்வெட்டும் கருவிகளிலும் இருந்த பெற்றோல் எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்தமை இதற்கு முக்கிய காரணம். எண்பது அங்குலத்திற்குக் குறையாத இறக்கையுடைய மாதிரியைப் பெருமாதிரி எனக் கொள்ளும் வழக்கு அமெரிக்காவில் நிலைபெற்றது. இத்தகைய விமானத்தின் நடுவில் சேர்வோவை வைத்து நீண்ட கோலால் இறக்கை முனையிலுள்ள மடலை அசைத்தால், கோல் வளையும். மடல் காற்றிற் படபடத்து இறக்கையையே பிய்த்துவிடவும் கூடும். ஆகவே சேர்வோ மடலின் அருகே சென்றது. கோல் குறுகியது, கம்பி நீண்டது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சிறு மாதிரிகளுக்கென விற்கப்பட்ட 26ஆம் இலக்கச் செப்புக் கம்பியின் குறுக்குவெட்டு 0.13 சதுர மில்லிமீற்றர்; ஒரு மீற்றருக்கான தடை 0.134 ஓம். ஒன்றரை மீற்றர் தொலைவிலுள்ள சேர்வோவிற்கு மின்னோட்டம் போய்வர மூன்று மீற்றர் கம்பி வேண்டும், தடை 0.4 ஓம். காற்றின் எதிர்ப்பை மீறி மடலைத் திருப்பும் வலிய சேர்வோ 2 அம்பியர் இழுக்குமாயின், 0.8 உவோற்று வழியிலேயே கழிகிறது. நான்கு நிக்கல்-கட்மியம் கலங்களின் மொத்த அழுத்தமே 4.8 உவோற்றுத்தான். மிகுந்த விசை வேண்டிய கணத்திலேயே சேர்வோ மிகவும் தளர்ந்துவிடுகிறது. 22ஆம் இலக்கக் கம்பியாயின் இழப்பு 0.32 உவோற்றாகக் குறையும். சில கிராம் செம்பை மிச்சம் பிடிக்கப்போய் விமானத்தையே இழந்தவர் பலர்.

நுட்பமான மற்றொரு தீங்கும் உண்டு. மீள்கம்பி பொதுவாகையால் அங்குக் கழியும் 0.4 உவோற்று, சேர்வோவின் சுழிமட்டத்தை வாங்கியின் சுழிமட்டத்திலிருந்து உயர்த்திவிடுகிறது. துடிப்பை வாங்கி ஒரு மட்டத்திலிருந்து அனுப்ப, சேர்வோ வேறொரு மட்டத்திலிருந்து அளக்கிறது. மோட்டரின் ஓட்டம் ஏறி இறங்கும்போது அம்மட்டமும் ஆடும். துடிப்பின் அளவீடு பத்து மைக்கிரோசெக்கன் பிழைத்தாலே மடல் ஏறத்தாழ ஒரு பாகை விலகும். மடல் நடுங்குவதைக் கண்டோர் சேர்வோவையே குறைகூறி அதனை மாற்றினர். நோய் கம்பியில் இருந்தது.

இரைச்சல் மூன்றாவது இடையூறு. அமெரிக்க மாதிரிகள் நெடுங்காலம் பயன்படுத்திய 72 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் சற்றேறக்குறைய 4.2 மீற்றர், அதன் காற்பங்கு ஒரு மீற்றருக்குச் சற்று மேல். வாங்கியின் ஏரியல் கம்பி ஏறத்தாழ அந்த நீளமே. இறக்கைக்குள் ஓடும் சேர்வோக் கம்பியும் அதே நீளமாயிருக்கையில், யாரும் விரும்பாத இரண்டாவது ஏரியலாக அது தொழிற்பட்டது. நாற்பதுகளின் இறுதிக்குப் பின் சிறு மாதிரிகளிற் பரவிய எஞ்சின்களுக்குத் தீப்பொறியே தேவைப்படவில்லை; பெற்றோல் எஞ்சின்களின் மக்னீற்றோவோ ஒவ்வொரு சுற்றிலும் பொறி தெறித்தது. அவ்விரைச்சலைக் கம்பி வாங்கியிடம் கொண்டுசென்றது.

பரிகாரமாகக் கம்பிகளை முறுக்கினர். தொலைபேசிக் கம்பிகளை முறுக்கி இரைச்சலைக் குறைக்கும் முறைக்கு கிரகாம் பெல் 1881இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் தொலைபேசியின் இணைக்கும் இம்மூன்று கம்பிகளுக்கும் வேறுபாடுண்டு: இங்கே துடிப்பிற்கெனத் தனி மீள்கம்பி இல்லை. முறுக்கினால் இரைச்சலை ஏற்கும் பரப்புக் குறையும் என்பது உண்மை. பொதுக் கம்பியின் அழுத்த இழப்பை முறுக்கு நீக்காது. இவ்விரண்டையும் பிரித்தறியாது முறுக்கையே சர்வரோக நிவாரணியாகப் போற்றியோர் பலர். பெரைற்று வளையத்தினூடே கம்பியைச் சில சுற்றுகள் சுற்றுவதும், பொறிச்செருகிக்கு உலோக உறை இடுவதும், எஞ்சினுக்கும் வாங்கிக்கும் இடையே தூரம் பேணுவதும் பிற வழிகள். அதிர்வினாற் தளரும் செருகிகளை ஒழித்துக் கம்பியை நேரே பற்றாசு வைத்தோரும் உளர்.

2005ஆம் ஆண்டளவில் 2.4 கிகாஹேர்ட்ஸ் முறை வந்தபோது அலைநீளம் 12.5 சென்ரிமீற்றராகச் சுருங்கியது. கம்பி கொணர்ந்த இரைச்சல் பெருமளவு அடங்கியது. பழைய தொல்லைகள் யாவும் தீர்ந்தன என்று மகிழ்ந்தோர் அவசரப்பட்டனர். புதிய வாங்கிகளில் நுண்கணினி இருந்தது. பல சேர்வோக்கள் ஒருங்கே இழுக்கும் கணத்தில் அழுத்தம் சரிந்தால் அது நின்று மீண்டும் தொடங்கும். தொடக்கக் காலத்து வாங்கிகள் சில, செலுத்தியோடு மீண்டும் தொடர்புகொள்ளச் சில செக்கன்கள் எடுத்தன. தாழப் பறக்கும் விமானத்திற்கு அவ்வளவு அவகாசம் இல்லை. இரட்டை மின்கலங்கள், தடித்த வலுக்கம்பிகள், வலுவையும் துடிப்பையும் வெவ்வேறு வழியிற் செலுத்தும் பெட்டிகள் பரவியது இதன் பின்னரே.

பிரித்தானியாவில் இருபது கிலோகிராமுக்கு மேற்பட்ட மாதிரிகள் தனி அனுமதியின்றிப் பறத்தல் கூடாது என்னும் விதி முன்னர் இருந்தது. எடை எவ்வாறாயினும், அனுபவமிக்கோர் பறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்வர். செலுத்தியின் வலுவைக் குறைத்து முப்பது எட்டுத் தூரம் நடந்து செல்வர். துணைவர் விமானத்தை இறுகப் பிடித்திருக்க, எஞ்சினை முழுவேகத்தில் ஓடவிட்டு எல்லா மடல்களையும் ஒரே வேளையில் அசைப்பர். ஒரு மடல் சற்று நடுங்கினாலும் எஞ்சினை நிறுத்தி, இறக்கையைக் கழற்றி, கம்பியை முனை முதல் முனை வரை தடவிப் பார்ப்பர்.