ஹைட் பார்க்கில் எம்டன்

சிட்னி ஹைட் பார்க்கின் தெற்கு மூலையில், ஒக்ஸ்போர்ட் வீதியும் கொலிஜ் வீதியும் சந்திக்கும் இடத்தில், ஒரு பழைய பீரங்கி நிற்கிறது. வேலைக்கு ஓடும் அவசரத்தில் அதனைத் திரும்பிப் பாராமல் கடந்து போகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. 1917இல் அங்கே வைக்கப்பட்ட அந்தப் பீரங்கி, எம்டன் என்ற ஜேர்மன் கப்பலிலிருந்த பத்தில் ஒன்று.

"அவன் சரியான எம்டன்" என்று ஊரில் சொல்லக் கேட்டிருப்போம். ஆளை ஏய்ப்பதில் கெட்டிக்காரன், லேசில் பிடிகொடாதவன் என்று பொருள். தமிழ்நாட்டில் கண்டிப்பான தகப்பனுக்கும் அந்தப் பட்டம் உண்டு. 2006இல் 'எம்டன் மகன்' என்று எடுத்த படத்தை, தமிழ்ப் பெயருக்கு அப்போது கிடைத்த வரிவிலக்குக்காக 'எம் மகன்' ஆக்கினார்கள். எம்டன் என்பது தமிழல்ல என்று கண்டுபிடிக்க அரசாங்கம் வேண்டியிருந்தது!

1914 ஓகஸ்டில் முதலாம் உலக யுத்தம் மூண்டபோது எம்டன் கிழக்காசியக் கடலில் இருந்தது. அதன் கப்டன் கார்ல் ஃபொன் முல்லர் ஏனைய கப்பல்களைப் பிரிந்து தனியாக இந்து சமுத்திரத்துக்குள் நுழைந்தார். எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. பிரித்தானியக் கப்பலென்று காட்ட, போலியாக நாலாவதையும் நிறுத்திக்கொண்டார். பிடித்த வணிகக் கப்பல்களை மூழ்கடித்தாரேயன்றி, அவற்றிலிருந்தவர்களைப் பத்திரமாக வேறு கப்பலில் அனுப்பிவைத்தார். எதிரியின் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின.

செப்டெம்பர் 22 இரவு, ஒன்பது மணிக்குப் பின், சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து ஒளிவிளக்கைப் போட்டு, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தாங்கிகள் மீது சுடத் தொடங்கியது எம்டன். அரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 125 ஷெல்கள். தாங்கிகள் பற்றியெரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலும் அடிபட்டது. இறந்தவர்கள் ஐந்து பேரளவில். கணக்குப் பார்த்தால் பெரிய அழிவல்ல. ஆயினும் அடுத்த நாட்களில் ஆயிரமாயிரமாய்ச் சனம் சென்னையை விட்டு வெளியேறியது. ரயில் நிலையங்களில் மூட்டை முடிச்சுகளோடு முண்டியடித்த அந்தச் சனத்தைப் பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விழுந்த ஷெல்லுக்கு அல்ல, இனி விழப்போகும் ஷெல்லுக்குத்தான் ஊர் காலியாகும். எம்டன் போனபின் திரும்பி வரவில்லை. சனத்துக்கு அது எப்படித் தெரியும்? ஷெல் விழுந்த இடத்துக்கு உயர் நீதிமன்ற வளவில் நினைவுக்கல் இருக்கிறது. ஓடியவர்களுக்குக் கல் கிடையாது, சொல் ஒன்றுதான் மிச்சம்.

செண்பகராமன் பிள்ளைதான் எம்டனைச் சென்னைக்குக் கூட்டிவந்தார் என்றொரு கதை இன்றும் நடமாடுகிறது. அவர் பெரிய தேசபக்தர், சந்தேகமில்லை. ஆனால் அப்போது அவர் இருந்தது சுவிற்சர்லாந்தில். 1910இல் ஜேர்மனியை விட்ட எம்டனோ பின்னர் ஐரோப்பாவுக்குத் திரும்பவேயில்லை. ஏறுவதற்குக் கப்பல் எங்கே?

இலங்கைக் கதை இன்னும் கசப்பானது. சென்னையிலிருந்து வந்த எம்டன் கொழும்புக்கு வெளியே சில கப்பல்களைப் பிடித்துவிட்டு மேற்கே போய்விட்டது. இலங்கைக் கரையில் அது ஆளிறக்கவில்லை. ஆனாலும் யால காட்டின் முதற் காப்பாளரான எங்கல்பிரெக்ற் என்பவரை, எம்டனுக்கு இறைச்சி கொடுத்தார் என்று சிறையில் அடைத்தார்கள். அவர் தென்னாபிரிக்காவின் போயர் யுத்தத்தில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர். பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் நாடு திரும்ப விடப்படாதவர். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விட்டுவிட்டார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அம்பாந்தோட்டையில் வறுமையில் செத்தார். மாற்றான் ஊரில் மாட்டிக்கொண்டவன் மீது பழி எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது!

ஒக்டோபர் 28இல் பினாங்கில் ஒரு ரஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்த எம்டன், நவம்பர் 9 காலை கொக்கோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கியது. நிலையத்தார் அதற்குள் கம்பியில்லாத் தந்தியில் அபயக்குரல் எழுப்பிவிட்டார்கள். அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரை ஏற்றி அல்பனியிலிருந்து புறப்பட்ட கப்பல் தொடர் அப்போது ஐம்பது மைல் அளவில் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த 'சிட்னி' திரும்பி விரைந்தது. முதல் அடி எம்டனுடையதுதான். ஆனால் சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. எரிந்துகொண்டிருந்த கப்பலை முல்லர் பவளப்பாறையில் ஏற்றினார். சிட்னியில் இறந்தவர்கள் நாலு பேர், எம்டனில் நூற்றுமுப்பதுக்கு மேல். அவர்களில் கப்பலில் துணி வெளுத்த சீனர்களும் அடக்கம்.

கரையில் இறங்கியிருந்த ஐம்பது பேர் அகப்படவில்லை. அங்கு நின்ற 'ஆயிஷா' என்ற பழம் பாய்க்கப்பலை எடுத்துக்கொண்டு தப்பி, சுமாத்திரா, அரேபியா வழியாக அடுத்த ஆண்டு துருக்கிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எம்டன் என்ற சொல்லுக்குப் பொருத்தமானவர்கள் இவர்கள்தான்!

வென்ற கப்பலின் கொடிமரமும் சிட்னியில்தான் இருக்கிறது, பிரட்லீஸ் ஹெட் முனையில், 1934இலிருந்து. பிள்ளைகளைத் தறோங்கா மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப் போகிறவர்கள், கரையோரப் பாதையால் சற்று நடந்தால் பார்க்கலாம்.