அக்ரிப்பினா வாகனோவா: மேடையிலிருந்து பயிற்றறைக்கு

பாலே ஆடுநராக இருந்து ஆசிரியப் பணிக்கு வந்தோருள் அக்ரிப்பினா வாகனோவாவின் (1879–1951) நிலை தனித்து நோக்கத்தக்கது. ஆடற்புகழ் அவரை ஆசிரியராக்கவில்லை. ஆட்டத்தில் தமக்கு எளிதில் கைகூடாதவற்றை இடைவிடாது ஆராய்ந்த பழக்கமே ஆக்கியது எனலாம்.

1897இல் பீட்டர்ஸ்பர்க் பேரரசுப் பள்ளியில் பயிற்சி முடித்து மரீன்ஸ்கி அரங்கில் சேர்ந்த அவருக்கு முதன்மை ஆடுநர் தகுதி 1915இல்தான் கிட்டியது. மறு ஆண்டே ஓய்வு. அக்கால நடன அமைப்பாளர் பெத்திப்பா அவரது ஆட்டத்தை உயர்வாக மதித்தவர் அல்லர். தாம் பயின்ற பிரெஞ்சு மரபில் கைகளின் மென்மையைக் கண்ட வாகனோவா, அதில் விசை குறைந்திருப்பதையும் கண்டார். செக்கெட்டி பயிற்றுவித்த இத்தாலிய முறையில் சுழற்சிக்கு உறுதி இருந்தது. கைகளில் கடுமையும் இருந்தது. இவ்விரண்டையும் இணைத்து, முதுகின் உறுதியிலிருந்தே தலை, கை, கால் அனைத்தும் ஒருங்கியங்கும் பயிற்றுமுறையை அவர் வகுத்தார்.

1921 முதல் அதே பள்ளியில் கற்பித்தார். பாலே அரசவைக் கலையின் எச்சம் எனப் பழிக்கப்பட்ட புரட்சிக்குப் பிந்தைய காலம் அது. அப்பழிக்கு அவருடைய மாணவியரே விடையாயினர்: 1925இல் மரீனா செம்யோனவாவும் 1928இல் கலீனா உலானவாவும் பயிற்சி முடித்து வெளிவந்தனர். பயிற்றுமுறை 1934இல் நூலாயிற்று.

நடன அமைப்பில் அவர் பங்கு சிறிதே. எனினும் 1935இல் ‘எஸ்மரால்டா’வுக்கென அவர் அமைத்த டயானா–அக்டியான் இணையாட்டம், இளம் ஆடுநரின் போட்டி மேடைகளில் இன்றும் ஆடப்படுகிறது.